உயர் நீதிமன்ற நீதிபதிக்கே 3 ரூபாய் அபராதம் போட்ட மாஜிஸ்திரேட்: யார் இந்த முத்துசாமி ஐயர்?

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு பளிங்குச் சிலையைப் பார்த்திருக்கலாம். தினமும் ஆயிரக்கணக்கான வழக்கறிஞர்களும் வழக்காடிகளும் அதைக் கடந்துதான் போகிறார்கள். ஆனால் அது யாருடைய சிலை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

அவர் பெயர் திருவாரூர் முத்துசாமி ஐயர். மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலையைத் தொடங்கி, அதே நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதி ஆகும் வரை உயர்ந்தவர்.

ஏழைப் பையன் பெரிய ஆள் ஆன கதை நமக்குப் புதுசு இல்லை. இவர் வாழ்க்கையில் முக்கியமானது வேறு ஒன்று. ஒரு நீதிபதியை மக்கள் ஏன் நம்ப வேண்டும்? ஆட்சியில் இருப்பவர்களின் ஆளே எதிர்த்தரப்பில் நின்றாலும் தனக்கு நியாயம் கிடைக்கும் என்று ஒரு சாதாரண மனிதன் எப்போது நம்புவான்? இந்தக் கேள்விக்கு, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே வேலை மூலம் பதில் சொன்னவர் அவர்.

ஒரு ரூபாய் சம்பளம், உடைந்த ஆற்றுக் கரை

1832 ஜனவரி 28. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் உச்சுவாடி என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார் முத்துசாமி. வறுமையான குடும்பம். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். பிழைப்புக்காக அம்மாவும் பையனும் திருவாரூர் பக்கம் வந்தார்கள். அங்கே கிராமக் கணக்குப்பிள்ளையிடம் உதவியாளாகச் சேர்ந்தார் முத்துசாமி. சம்பளம் மாதம் ஒரு ரூபாய். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்விட்டார்.

அப்போது திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். அவர் கண்ணில் இந்தப் பையன் பட்டது எப்படி என்று ஒரு நிகழ்வைச் சொல்வார்கள். ஆற்றில் கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தாருக்குத் தகவல் வருகிறது. நேரில் போய்ப் பார்த்து வர ஆள் தேடுகிறார். பெரியவர்கள் யாரும் அந்த நேரத்தில் அகப்படவில்லை. இருந்தது இந்தப் பையன் மட்டும்தான். சரி, நீயே போய்ட்டு வா என்று அனுப்புகிறார்.

போன பையன் சும்மா பார்த்துவிட்டு வரவில்லை. உடைப்பு எவ்வளவு பெரிசு, அடைக்க என்னென்ன பொருள் வேண்டும் என்று முழுக் கணக்கோடு திரும்பினான். தாசில்தாருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு ஆளை விட்டுச் சரிபார்த்தார். பையன் சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

நேரில் போய்ப் பார்ப்பது, அளந்து சொல்வது, இன்னொருவர் சரிபார்த்தாலும் தவறாத கணக்கைத் தருவது. பின்னாளில் அவர் எழுதிய தீர்ப்புகளுக்கும் இதே குணம்தான் பெயர் வாங்கித் தந்தது.

தெருவிளக்குக் கதை உண்மையா?

முத்துசாமி ஐயர் என்றதும் பலரும் சொல்வது, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தவர் என்பதைத்தான். இதே கதை வங்காளத்தின் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் உட்பட வேறு சிலருக்கும் சொல்லப்படுவது உண்டு. அதனால் விளக்குக் கம்பத்தை ஒரு ஓரமாக விட்டுவிடலாம். அது இல்லாமலேயே இவர் படிப்பு ஆச்சரியமானதுதான்.

தாசில்தார் நாயக்கர் உதவியால் முதலில் நாகப்பட்டினத்தில் உள்ள மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். பிறகு மெட்ராஸ். அன்றைய அரசின் முக்கிய அதிகாரிகளில் ஒருவரான ஹென்றி மாண்ட்கோமரிக்கு ஒரு பரிந்துரையோடு அவரை அனுப்பி வைத்தார் நாயக்கர். மெட்ராஸ் ஹைஸ்கூலில் இடம் கிடைத்தது. அந்தப் பள்ளிதான் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைவர் பவல், இந்த மாணவனைத் தனியாகக் கவனித்துக்கொண்டார்.

1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் முத்துசாமிக்கு முதல் பரிசு. பரிசுத் தொகை 500 ரூபாய். ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கியவருக்கு, அந்தப் பழைய கணக்கில் அது நாற்பது வருஷத்துக்கும் மேலான சம்பளம்!

அடுத்து 60 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியர் வேலை. பிறகு பள்ளித் துணை ஆய்வாளர். 1856-ல் சட்டத் தேர்வில் தேறி, தரங்கம்பாடி மாவட்ட முன்சீப் ஆனார். நீதிமன்ற நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது 24. இடையில் 1859-ல் தஞ்சாவூரில் டெபுடி கலெக்டர். 1865-ல் தென் கன்னட மாவட்டத்தில், மங்களூரில் சார்பு நிலை நீதிபதி. 1868-ல் மெட்ராஸ் நகரத்தில் போலீஸ் மாஜிஸ்திரேட்.

அங்கேதான் அந்த வழக்கு வந்தது.

அந்த 3 ரூபாய் வழக்கு: என்ன நடந்தது?

முத்துசாமி ஐயர் பற்றிய பழைய வாழ்க்கைக் குறிப்புகள் இந்த நிகழ்வைச் சொல்கின்றன.

மெட்ராஸில் ஒரு ஆங்கிலேயர் வீட்டு வளாகத்துக்குள் உள்ளூர் ஆள் ஒருவர் நுழைந்துவிட்டார். அத்துமீறி நுழைந்தார் என்பதற்காக அவரை வீட்டுக்காரர் அடித்துவிட்டார். அடி வாங்கியவர் நேராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுத்தார்.

இதில் என்ன விசேஷம்? அடித்தவர் சாதாரண ஆங்கிலேயர் இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதி.

இப்போது மாஜிஸ்திரேட்டின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர், இவருக்கு மேலே இருக்கும் நீதிமன்றத்தின் நீதிபதி. ஆட்சி அவர்களுடையது. பதவி உயர்வு தருவதும் தராததும் அவர்கள் கையில். புகார் கொடுத்தவருக்கோ பின்னால் யாரும் கிடையாது. புகாரைத் தள்ளுபடி செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முத்துசாமி ஐயர் நீதிபதிக்கு சம்மன் அனுப்பினார்.

அங்கேயும் ஒரு எளிய வழி இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி நேரில் வரத் தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிடலாமே என்று தலைமை மாஜிஸ்திரேட்டே யோசனை சொன்னார். முத்துசாமி ஐயர் ஏற்கவில்லை. மற்றவர்களைப் போல அவரும் வர வேண்டும் என்பதில் நின்றார். விசாரணை நடந்தது. குற்றம் நிரூபணமானது. தண்டனை, 3 ரூபாய் அபராதம்.

வெறும் 3 ரூபாய்தானா?

ஆமாம், தொகை சின்னதுதான். இந்த வழக்கில் கனமானது அந்த சம்மன். புகார் கொடுத்த மனிதர் எந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றாரோ, அதே இடத்துக்கு உயர் நீதிமன்ற நீதிபதியும் வர வேண்டியிருந்தது.

அன்றைய சட்ட நிலைமை தெரிந்தால் இதன் அளவு புரியும். மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா போன்ற தலைநகரங்களுக்கு வெளியே, கிரிமினல் வழக்குகளில் ஐரோப்பியரை விசாரிக்க இந்திய மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதிகாரம் கிடையாது. 1883-ல் இதை மாற்ற இல்பர்ட் மசோதா வந்தது. வெள்ளைக்காரர்கள் நாடு முழுக்கக் கொதித்தார்கள். கடைசியில் அரசு பின்வாங்கி, பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ இருக்கும் ஜூரியைக் கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்து சமரசம் செய்தது.

அந்தக் கொந்தளிப்புக்குப் பத்து வருஷத்துக்கும் மேலே முன்னால், எந்தச் சத்தமும் இல்லாமல் இந்தக் காரியத்தைச் செய்து முடித்திருந்தார் மெட்ராஸ் மாஜிஸ்திரேட். கோஷம் இல்லை, அறிக்கை இல்லை. சட்டத்தில் இருந்ததை அப்படியே நடத்தினார், அவ்வளவுதான்.

இதன் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். குற்றவாளி பெரிய ஆள் என்பதற்காக, பாடம் புகட்டுகிறேன் என்று கிளம்பி பெரிய தண்டனையும் அவர் கொடுக்கவில்லை. அபராதம் 3 ரூபாயோடு நின்றது. ஆளைப் பார்த்து இறங்கி வருவது எவ்வளவு தவறோ, ஆளைப் பார்த்து எகிறுவதும் அவ்வளவு தவறு. நீதிபதியின் நேர்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சின்ன வழக்குகளின் நீதிபதி

மாஜிஸ்திரேட் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1871-ல் பி.எல். பட்டம் வாங்கினார். முன்சீப்பாக நாற்காலியில் உட்கார்ந்து 15 வருஷம் கழித்து எடுத்த பட்டம் அது. அதே வருஷம் மெட்ராஸ் சிறு வழக்குகள் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார்.

பெயரே சொல்வது போல, இது சின்னத் தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். கடன் பாக்கி, சரக்கு வாங்கிய பணம், கூலி பாக்கி போன்ற வழக்குகள்தான் இப்படிப்பட்ட கோர்ட்டுகளுக்கு வரும். பத்திரிகைகளில் வராத வழக்குகள். ஆனால் நகரத்துச் சாதாரண மக்கள் சட்டத்தை நேருக்கு நேர் சந்திப்பது அங்கேதான். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால், மேலே எவ்வளவு பெரிய நீதிமன்றம் இருந்தும் அவர்களுக்குப் பயன் இல்லை. ஏழு வருஷம் போல அந்த நாற்காலியில் இருந்தார் முத்துசாமி ஐயர்.

அந்த ஏழு வருஷம்தான் அடுத்த கதவையும் திறந்தது. 1861-ம் ஆண்டின் இந்திய உயர் நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் பாரிஸ்டர்களாக இருக்க வேண்டும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கு சிவில் சர்வீஸ்காரர்களாக இருக்க வேண்டும். லண்டன் போகாத, சிவில் சர்வீஸில் இல்லாத இந்தியருக்கு மீதியிருந்த வழி குறுகலானது. பத்து வருஷ வழக்கறிஞர் அனுபவம் வேண்டும், இல்லையென்றால் சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதி நிலைக்குக் குறையாத பதவியில் ஐந்து வருஷம் இருந்திருக்க வேண்டும். முத்துசாமி ஐயருக்கு அந்தத் தகுதி இருந்தது.

ஒரு நியமனம், ஒரு பத்திரிகையின் பிறப்பு

1862-ல் தொடங்கிய மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் அதுவரை ஒரு இந்திய நீதிபதிகூட இல்லை. கல்கத்தாவில் 1863-லேயே சம்புநாத் பண்டிட் நீதிபதி ஆகிவிட்டார். மெட்ராஸுக்கு மேலும் 15 வருஷம் ஆனது. 1878-ல் முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டார். அதே வருஷம் சி.ஐ.இ. பட்டமும் கிடைத்தது.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. ஐரோப்பியர் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் இந்த நியமனத்தைக் கடுமையாகத் தாக்கின. ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்காருவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. பதில் சொல்ல இந்தியர்கள் கையில் வலுவான பத்திரிகையும் இல்லை.

நமக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் முடிவு செய்தார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்ட மாணவர்கள். அவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜி.சுப்பிரமணிய ஐயர், வயது 23. கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20 அன்று வெளிவந்த அந்த வாரப் பத்திரிகைதான் தி இந்து.

ஆமாம், இன்றும் வந்துகொண்டிருக்கும் அதே பத்திரிகைதான். அது பிறக்க உடனடிக் காரணம், ஒரு நீதிபதி நியமனத்தைச் சுற்றிக் கிளம்பிய சர்ச்சை. அதே சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தமிழில் சுதேசமித்திரனையும் தொடங்கினார்.

நியமனத்தைத் தாக்கியவர்களுக்கு முத்துசாமி ஐயர் எங்கே பதில் சொன்னார்? பத்திரிகையில் இல்லை, தீர்ப்புகளில். அடுத்த 15 வருஷத்துக்கும் மேலாக அந்த நாற்காலியில் இருந்தார். வழக்கின் விவரங்களை அலசுவதிலும், இந்து சட்டச் சிக்கல்களை நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதிலும் அவர் தீர்ப்புகள் மதிக்கப்பட்டன. இவரால் முடியுமா என்று கேட்ட குரல்கள் காலப்போக்கில் அடங்கிப்போயின.

1891-ல் மலபார் திருமண ஆணையத்தின் தலைவராகவும் அரசு அவரை நியமித்தது. மருமக்கள்தாய முறையைப் பின்பற்றிய குடும்பங்களில் நடந்த சம்பந்தம் என்ற உறவை நீதிமன்றங்கள் சட்டப்படியான திருமணமாக ஏற்காமல் இருந்தன. அதற்கு என்ன செய்வது என்று ஆராய்ந்த குழு அது. சட்டம் வந்தது 1896-ல். அப்போது அவர் உயிரோடு இல்லை.

மூன்று மாதம் தலைமை நீதிபதி

1893-ல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார் முத்துசாமி ஐயர். அந்தப் பொறுப்பை வகித்த முதல் இந்தியர். அதே ஆண்டு சர் பட்டமும் வந்தது.

ஆனால் நிரந்தரப் பதவிக்கான கதவு திறக்கவில்லை. மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்கு நிரந்தரத் தலைமை நீதிபதியாக ஒரு இந்தியர், பி.வி.ராஜமன்னார், வந்தது நாடு விடுதலை அடைந்த பிறகு 1948-ல்தான். நடுவில் 55 வருஷம். ஒரு தனி மனிதரின் திறமையை ஒப்புக்கொள்வது வேறு, பதவியைப் பகிர்ந்துகொள்வது வேறு என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

1895 ஜனவரி 25 அன்று, 63 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது காலமானார். பிறகு அவர் பணியாற்றிய உயர் நீதிமன்றத்திலேயே சிலை வைக்கப்பட்டது.

இன்றைக்கு இந்தக் கதை எதற்கு?

நீதிபதிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்று எழுதி வைத்த விதிமுறைகள் இருக்கின்றன. 1997-ல் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் சேர்ந்து, நீதித்துறை வாழ்க்கையின் மதிப்பீடுகள் என்ற ஆவணத்தை ஏற்றுக்கொண்டார்கள். உலக அளவில், 2002-ல் ஏற்கப்பட்ட பெங்களூரு கோட்பாடுகள் ஆறு விஷயங்களைச் சொல்கின்றன. சுதந்திரம், நடுநிலை, நேர்மை, கண்ணியம், சமத்துவம், திறமையோடு சேர்ந்த உழைப்பு.

மெட்ராஸ் மாஜிஸ்திரேட்டின் அந்த ஒரு வழக்கை எடுத்து இந்த ஆறோடு பொருத்திப் பாருங்கள். தலைமை மாஜிஸ்திரேட் சொன்ன யோசனையை ஏற்காதது சுதந்திரம். அடி வாங்கியவரையும் அடித்தவரையும் ஒரே இடத்தில் நிற்க வைத்தது சமத்துவம். தண்டனையைக் குற்றத்தின் அளவோடு நிறுத்தியது நடுநிலை. விதிமுறை எழுதப்படுவதற்கு நூறு வருஷத்துக்கு மேலே முன்னால் நடந்தது இது.

அவர் காலத்தின் எல்லைகளையும் மறக்கக் கூடாது. அந்த நாற்காலி வரை போக ஆங்கிலக் கல்வி வேண்டும். அது அன்று சமூகத்தின் மேல்தட்டில் ஒரு சின்னக் கூட்டத்துக்குத்தான் எட்டியது. முத்துசாமி ஏழைதான், ஆனாலும் கைதூக்கிவிட ஒரு தாசில்தாரும் ஒரு பள்ளித் தலைவரும் கிடைத்தார்கள். அப்படி யாரும் கிடைக்காதவர்கள்தான் ஊரில் அதிகம். நீதிமன்றத்தில் யார் உட்காருகிறார்கள் என்ற கேள்வி இன்றும் தீரவில்லை.

அந்த வழக்கில் பெரும்பாலும் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருவர் இருக்கிறார். அடி வாங்கிவிட்டுப் புகார் கொடுக்க வந்தவர். முத்துசாமி ஐயருக்குச் சிலை இருக்கிறது, இவர் பெயர்கூட அந்தக் கதையில் சொல்லப்படுவதில்லை. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு எதிராகக் கோர்ட் படி ஏறிய துணிச்சல் அவருடையது. படி ஏறினால் நியாயம் கிடைக்கலாம் என்று நம்பித்தான் அவர் வந்தார். உள்ளே இருந்த மாஜிஸ்திரேட் அந்த நம்பிக்கையை வீணாக்கவில்லை.

இன்றும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வெளியே, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஆள் மீது புகார் எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் நின்றுகொண்டிருப்பார். உள்ளே போகலாமா, வேண்டாமா என்று அவர் எடுக்கும் முடிவு, நாற்காலியில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.